என்டர் தட்டும் முன்

குவிந்து கிடந்த தற்காலிகக் கோப்புகளை அழிக்கத்தான் அன்று உட்கார்ந்தேன். லினக்ஸ் சர்வர், கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளை. தேட வேண்டிய இடத்துக்கு ஒரு புள்ளி (நான் இருக்கும் கோப்புறை) வைத்தேன், மைனஸ் டெலிட் போட்டேன், அதன் பிறகு மைனஸ் நேம் என்று கொடுத்து டிஎம்பியில் முடியும் பெயர்களைக் குறிப்பிட்டேன். என்டர். ஒரு நொடிகூட ஆகவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. பட்டியல் காட்டும் எல்எஸ் தட்டிப் பார்த்தால் கோப்புறை காலி. தற்காலிகக் கோப்புகளோடு அதற்குள் இருந்த எல்லாமே போய்விட்டது.

ஃபைண்ட் நாம் கொடுப்பதை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத்தான் பார்க்கும். "அழி" முன்னால் வந்தால் முதலில் அழித்துவிட்டு, அப்புறம்தான் பெயர் பொருந்துகிறதா என்று கேட்கும். பெயரை முன்னால் வைத்து, அழிப்பதைக் கடைசியில் வைத்திருந்தால் நான் நினைத்தது நடந்திருக்கும். பேக்கப் இருந்தது, ஆனால் 11 நாள் பழையது. அந்த 11 நாள் வேலையை மறுபடியும் செய்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எதையும் அழிக்கவோ மாற்றவோ போகும் கட்டளையை முதலில் பட்டியல் போடும் கட்டளையாகத்தான் தட்டுகிறேன். ஃபைண்ட் என்றால் மைனஸ் டெலிட் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் பிரின்ட். வருகிற பெயர்களைப் படிக்கிறேன். சரி என்று பட்டால் மேல் அம்புக்குறியைத் தட்டி அதே வரியை வரவழைத்து, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றுகிறேன். வேலைக்கு விண்டோஸ், வீட்டில் மேக், சர்வர்களில் லினக்ஸ் என்று மூன்றிலும் மாறி மாறி உழைக்கிறவன் நான். இந்த ஒரு பழக்கத்தை மூன்றிலும் எப்படிக் கொண்டுபோவது என்று கண்டுபிடிக்கத்தான் நிறைய நாள் ஆனது. (கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். தட்டும்போது அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகள். மைனஸ் என்பது அந்தச் சின்னக் கோடு.)

லினக்ஸிலும் மேக்கிலும் எளிய வழி எக்கோ, கொடுத்ததைத் திரையில் காட்டும் கட்டளை. ஆர்எம் *.லாக் என்று தட்டி அழிப்பதற்கு முன், அதே வரியின் முன்னால் எக்கோ என்று சேர்த்துவிட்டால் ஒன்றும் அழியாது. நட்சத்திரக்குறி எந்தெந்தப் பெயர்களாக விரிகிறது என்று திரையில் வந்து நிற்கும். விரித்துக் கொடுப்பது ஷெல் (நாம் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரல்), ஆர்எம் இல்லை. அதனால்தான் இது பலிக்கிறது. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் இயல்பான ஷெல்லாக இருக்கும் இசட்-ஷெல், வெறும் நட்சத்திரத்தோடு ஆர்எம் தட்டினால் "நிச்சயமா?" என்று ஒருமுறை கேட்கவும் செய்யும். லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும் பாஷ் என்ற ஷெல் கேட்காது.

இதே உத்தியை விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டில் செய்தால் பயன் இல்லை. அங்கே ஷெல் நட்சத்திரத்தை விரிப்பதில்லை, ஒவ்வொரு நிரலும் தானே விரித்துக்கொள்கிறது. எக்கோ போட்டால் நட்சத்திரம் நட்சத்திரமாகவே திரும்பி வரும். அங்கே டெல் கட்டளைக்கு முன் அதே வடிவத்தைப் பட்டியல் காட்டும் டிஐஆர் கட்டளையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதைத் தவறாமல் செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. புள்ளிக்குப் பின் வரும் நீட்சியை மூன்றெழுத்தாகக் கொடுத்தால், விண்டோஸ் பழைய 8.3 குறும்பெயர்களோடும் (எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்து நீட்சி) ஒப்பிட்டுப் பார்க்கும். குறும்பெயர் வசதி இயங்கும் டிஸ்க்கில் *.எச்டிஎம் என்று அழிக்கச் சொன்னால், எச்டிஎம்எல் கோப்புகளும் சேர்ந்து போகலாம். டிஐஆர் அதே கணக்கைத்தான் போடும், அதனால் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

விண்டோஸின் புதிய ஷெல்லான பவர்ஷெல்லில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வசதி. ரிமூவ்-ஐட்டம் போன்ற மாற்றம் செய்யும் கட்டளைகளின் கடைசியில் மைனஸ் வாட்இஃப் என்று சேர்த்தால், "இதைச் செய்திருப்பேன்" என்று வரிவரியாகச் சொல்லிவிட்டு எதையும் தொடாமல் நிற்கும். லினக்ஸ் கையோடு விண்டோஸ் பவர்ஷெல்லில் நுழைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எல்எஸ்ஸும் ஆர்எம்மும் இருக்கும், ஆனால் அவை பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளைகளுக்கு வைத்த செல்லப்பெயர்கள்தான். லினக்ஸில் உள்ளிருப்பவற்றோடு கேட்காமல் அழிக்கும் மைனஸ் ஆர்எஃப்பைக் கொடுத்தால் அப்படி ஒன்று தனக்குத் தெரியாது என்று பிழை வரும். அதே பவர்ஷெல்லை லினக்ஸிலோ மேக்கிலோ நிறுவினால் அந்தச் செல்லப்பெயர்கள் கிடையாது, அந்த இயங்குதளத்தின் உண்மையான எல்எஸ்தான் ஓடும்.

நகலெடுப்பதில்தான் ஆபத்து அதிகம். நகல்தானே, என்ன ஆகிவிடும் என்று மனம் அசட்டையாக இருக்கும். விண்டோஸில் கோப்புறைகளை நகலெடுக்கும் ரோபோகாப்பிக்கு ஸ்லாஷ் எம்ஐஆர் என்று கொடுத்தால் மூலத்தில் இல்லாத எதுவும் இலக்கிலும் இருக்காது. மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றித் தட்டிவிட்டு, மூலமாகக் கொடுத்தது புத்தம்புதிய காலி டிஸ்க் என்றால், உங்கள் வேலை முழுவதும் "காலி"யோடு ஒத்திசைக்கப்படும். கூடவே ஸ்லாஷ் எல் சேர்த்தால் பட்டியல் மட்டும் வரும். அதில் எக்ஸ்ட்ரா என்ற குறியோடு வரும் வரிகளை நிதானமாகப் படியுங்கள், அழியப்போகிறவை அவைதான். இன்னொன்று, ரோபோகாப்பி முடியும்போது தரும் எண் 1 என்றால் கோப்புகள் நல்லபடியாக நகலாயின என்று பொருள். 8-இல் இருந்துதான் தோல்வி. மற்ற பெரும்பாலான நிரல்களில் 0 தவிர எல்லாமே பிழை என்பதால், இரவில் தானாக ஓடவிட்டிருந்த என் பேக்கப் "தோல்வி" என்று தினமும் மின்னஞ்சல் அனுப்பியது. ஒரு வாரம் டிஸ்க்கைச் சந்தேகப்பட்ட பிறகுதான் காரணம் புரிந்தது.

லினக்ஸிலும் மேக்கிலும் இந்த வேலைக்கு ஆர்சிங்க். மைனஸ் என் கொடுத்தால் ஒத்திகை, கூட மைனஸ் வி கொடுத்தால்தான் பெயர்கள் தெரியும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் ஸ்லாஷ் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே முக்கியம். ஸ்லாஷ் இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் கோப்புறையே போய் இலக்குக்குள் உட்காரும். கூடவே, இலக்கில் கூடுதலாக இருப்பதை அழிக்கும் மைனஸ் மைனஸ் டெலிட்டும் இருந்தால் அந்த ஒரு ஸ்லாஷின் வித்தியாசம் பெரிய இழப்பாகிவிடும். ஒத்திகையில் இது உடனே கண்ணில் படும்.

ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் என்று எழுதி, பாதையை ஒரு மாறியிலிருந்து (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்) எடுத்து, கடைசியில் ஸ்லாஷ் நட்சத்திரம் போட்டால், அந்த மாறி காலியாக இருக்கும் நாளில் கட்டளை டிஸ்க்கின் வேரிலிருந்து தொடங்கும். மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் எழுதி, பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போடுங்கள். மாறி காலியாக இருந்தால் ஷெல் அங்கேயே நின்றுவிடும்.

அழிக்கும் கட்டளையே இல்லாமலும் கோப்பு காலியாகும். பெயர்ப் பட்டியல் ஒன்றை அகரவரிசைப்படுத்தி அதே கோப்பில் சேமிக்க நினைத்து, சார்ட் என்று தட்டி, > குறி போட்டு, அதே கோப்பின் பெயரைக் கொடுத்தேன். கோப்பில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. சார்ட் ஓடத் தொடங்கும் முன்பே, எழுதுவதற்காக ஷெல் அந்தக் கோப்பைத் திறந்து துடைத்துவிடுகிறது. சார்ட் வந்து படிக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. இதற்கென்றே சார்ட்டில் மைனஸ் ஓ இருக்கிறது, அதில் அதே கோப்பைக் கொடுக்கலாம்.

இனி, ஒரு கணினியில் வேலை செய்தது மற்றொன்றில் ஏன் செய்யவில்லை என்று நான் மணிக்கணக்கில் தேடியவற்றைச் சொல்கிறேன்.

லினக்ஸில் எழுதிய ஒரு ஸ்கிரிப்டை மேக்கில் ஓட்டினேன். கோப்புகளுக்குள் ஒரு சொல்லை மாற்ற செட் (sed) கட்டளையை மைனஸ் ஐ, மைனஸ் ஈ என்று கொடுத்து எழுதியிருந்தேன். சொல் மாறியது. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில், பெயரின் வாலில் "-ஈ" ஒட்டிக்கொண்ட ஒரு கோப்பு புதிதாக முளைத்திருந்தது. மேக்கில் இருப்பது பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸின் வழிவந்த செட், லினக்ஸில் இருப்பது குனு திட்டத்தின் செட். பிஎஸ்டி செட்டில் மைனஸ் ஐக்குப் பின் பழைய நகலுக்கான நீட்சி கட்டாயம், அதனால் அடுத்து வந்த மைனஸ் ஈயையே நீட்சியாக எடுத்துக்கொண்டது. இரண்டிலும் பலிக்கும் வழி, மைனஸ் ஐயோடு இடைவெளி விடாமல் .பேக் என்று ஒட்டி எழுதுவது. பழைய நகல் கையில் இருக்கும், சரிபார்த்துவிட்டு அழித்துக்கொள்ளலாம். டேட் கட்டளையிலும் இதே கதைதான். நேற்றைய தேதி வேண்டுமென்றால் லினக்ஸில் மைனஸ் டி கொடுத்து யெஸ்டர்டே என்று எழுதலாம். மேக்கில் மைனஸ் வி, அதை ஒட்டி மைனஸ் 1டி. மேக்கோடு வரும் பாஷ்கூட 3.2 என்ற பழைய பதிப்புதான், 4-இல் வந்த வசதிகள் அதில் கிடையாது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்துக்கு மாறிய பிறகு வந்த பாஷை ஆப்பிள் சேர்த்துக்கொள்ளவில்லை.

விண்டோஸிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் வேறு மாதிரி தொல்லை தரும். கோப்பு கண்முன் இருக்கும், அனுமதியும் இருக்கும், ஆனால் ஓட்டினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற பொருளில் பிழை வரும். விண்டோஸ் வரி முடிவில் இரண்டு எழுத்துகளை வைக்கிறது, லினக்ஸ் ஒன்றை மட்டும். கூடுதலாக வரும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்து முதல் வரியில் ஷெல்லின் பெயரோடு ஒட்டிக்கொள்ள, லினக்ஸ் அந்தப் பெயரில் ஒரு நிரலைத் தேடித் தோற்கிறது. கேட் மைனஸ் ஈ என்று கொடுத்துக் கோப்பைப் பாருங்கள். லினக்ஸ், மேக் இரண்டிலும் வரி முடிவில் டாலர் குறி வரும். அதற்கு முன் ^எம் என்று தெரிந்தால் நோய் அதுதான். டாஸ்2யூனிக்ஸ் என்ற நிரல் ஒரே நொடியில் சரிசெய்துவிடும்.

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் > குறி போட்டுச் சேமித்த கோப்பும் இப்படித்தான். அது யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு வடிவில் எழுதுகிறது. லினக்ஸுக்குக் கொண்டுவந்து கிரெப் போட்டுத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லைக்கூட அது கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பின்னால் ஒரு வெற்று பைட் இருக்கிறது. ஐகான்வ் கட்டளையால் யூடிஎஃப்-8 ஆக மாற்றிவிட்டுத் தேட வேண்டும். பவர்ஷெல் 6 முதல் இந்தச் சிக்கல் இல்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு நாளைத் தின்றது இது. பழைய மேக் டிஸ்க் ஒன்றிலிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்த கோப்புறையில் "கோப்பு" என்று தொடங்கும் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தது. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கவே முடியாது. பிறகுதான் யூனிகோடு பக்கம் போனேன். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். லினக்ஸ் எதையும் மாற்றாமல் வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே அங்கே அவை இரு வேறு பெயர்கள். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் உள்ள எந்தப் பெயருக்கும் இது நேரலாம். எல்எஸ்ஸின் வெளியீட்டை எக்ஸ்எக்ஸ்டி என்ற நிரலுக்குக் குழாயில் அனுப்பினால் பைட்டுகள் தெரிந்துவிடும். கான்வ்எம்வி என்ற நிரல் எல்லாப் பெயர்களையும் சேர்த்த வடிவுக்கு மாற்றித் தரும். அதை எழுதியவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி, ஏனென்றால் நாம் மைனஸ் மைனஸ் நோடெஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை அது ஒத்திகை மட்டுமே பார்க்கும். எல்லா நிரல்களும் இப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்ததுதான். லினக்ஸ் இரண்டையும் வேறாகப் பார்க்கும், விண்டோஸும் மேக்கும் இயல்பில் ஒன்றாகப் பார்க்கும். லினக்ஸிலிருந்து மேக்குக்கு நகலெடுக்கும்போது இந்த வித்தியாசம் மட்டும் உள்ள இரு கோப்புகளில் ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகக்கூடும்.

திரை உறைந்துபோவது பற்றி. லினக்ஸ் டெர்மினலில் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் தட்டிவிட்டால் திரை அப்படியே நின்றுவிடும். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து நான் பலமுறை சாளரத்தை மூடியிருக்கிறேன். கன்ட்ரோல்-க்யூ தட்டினால் போதும், எல்லாம் ஓடத் தொடங்கும். விண்டோஸின் பழைய கறுப்புச் சாளரத்தில் அதே வேலையை மவுஸ் செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் சாளரத்துக்குள் ஒரு கிளிக், தேர்வு நிலை வந்துவிடும், நிரல் திரையில் எழுத முடியாமல் காத்திருக்கும். இரவு முழுக்க ஓட வேண்டிய ஒரு வேலையைத் தொடங்கி, சும்மா ஒருமுறை கிளிக் செய்துவிட்டு எழுந்து போனேன். காலையில் அது இரவு விட்ட இடத்திலேயே இருந்தது. எஸ்கேப் தட்டியதும் தொடர்ந்தது. இப்போது நீண்ட வேலை என்றால் சாளரத்தின் தலைப்பில் "செலக்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன்.

தொலைவில் இருக்கும் சர்வரில் நீண்ட வேலை என்றால் சர்வரிலேயே அமர்வைப் பிடித்துவைக்கும் டிமக்ஸுக்குள் தொடங்குங்கள். இணையம் அறுந்தாலும் வேலை நிற்காது, மறுபடி உள்ளே நுழைந்து டிமக்ஸ் அட்டாச் என்றால் விட்ட இடத்திலேயே இருக்கும். மேக்கில் கட்டளையின் முன்னால் கஃபினேட் மைனஸ் ஐ சேர்த்தால் அது முடியும்வரை கணினி தானாகத் தூங்காது.

டிஸ்க் நிரம்பிய கதை ஒன்று. டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப், சர்வரில் 100 சதவீதம் காட்டியது. கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ போட்டுத் தேடியதில், நிரல் ஒன்று தன் நடப்பைப் பதியும் ஒரு லாக் கோப்பு மலைபோல் வளர்ந்திருந்தது. ஆர்எம் போட்டேன். மறுபடி டிஎஃப், அதே 100 சதவீதம். ஆனால் டியூ கணக்கில் இடம் குறைந்திருந்தது. இரண்டு கட்டளைகளும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினால் யாரை நம்புவது? இரண்டும் உண்மையைத்தான் சொல்லின. லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், பெயர்தான் போகும். அந்த நிரல் அதை மூடும்வரை இடம் விடுபடாது. டியூ பெயர்களின் வழியாகக் கூட்டுகிறது, டிஎஃப் டிஸ்க்கைக் கேட்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் பிளஸ் எல்1 (இந்த எல் மட்டும் பெரிய எழுத்து) கொடுத்தால் இப்படிப் பெயரிழந்து நிற்கும் கோப்புகளையும், யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் காட்டும். அந்த நிரலை மறுதொடக்கம் செய்ததும் இடம் வந்தது. இப்போதெல்லாம் ஓடும் லாக்கை நான் அழிப்பதில்லை, ட்ரன்கேட் மைனஸ் எஸ் 0 என்று அளவைச் சுழியமாக்குகிறேன். விண்டோஸில் இந்தக் குழப்பம் அரிது, திறந்திருக்கும் கோப்பை அழிக்கவே பெரும்பாலும் விடாது. அந்தப் பிடிவாதத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், இந்தச் சம்பவத்துக்குப் பிறகு திட்டுவதில்லை.

தட்டிய கட்டளையை மறுபடி தேட கன்ட்ரோல்-ஆர். பாஷ், இசட்-ஷெல், பவர்ஷெல் மூன்றிலும் உண்டு. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஃப்7 தட்டினால் பட்டியல் வரும். தேடிக் கிடைத்ததும் உடனே என்டர் தட்டாதீர்கள். பழைய கட்டளை பழைய கோப்புறைக்காக எழுதியது, வலது அம்புக்குறியைத் தட்டி வரியை இறக்கிப் படியுங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதவும் வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்ட் தவிர மற்றவற்றில் இந்த வரலாறு வெறும் உரைக்கோப்பாக டிஸ்க்கில் கிடக்கிறது. போதாததற்கு லினக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையின் முழு வரியையும் அதே கணினியில் இருக்கும் மற்றவர்கள் பிஎஸ் என்ற கட்டளை போட்டுப் பார்க்க முடியும்.

என்னிடம் ஒரே ஒரு குறிப்புக் கோப்பு இருக்கிறது, மூன்று கணினிகளுக்கும் பொதுவாக. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வரி: விண்டோஸ், மேக், லினக்ஸ். நாம் இருக்கும் கோப்புறையைச் சாளரத்தில் திறக்க, விண்டோஸில் ஸ்டார்ட் புள்ளி, மேக்கில் ஓபன் புள்ளி, லினக்ஸில் எக்ஸ்டிஜி-ஓபன் புள்ளி. வெளியீட்டை கிளிப்போர்டுக்கு அனுப்ப, விண்டோஸில் கிளிப், மேக்கில் பிபிகாப்பி, லினக்ஸில் எக்ஸ்கிளிப் அல்லது டபிள்யூஎல்-காப்பி. ஒத்திகைக்கு வாட்இஃப், எக்கோ, மைனஸ் என். புதிதாக ஒன்று கற்றால் அன்றே எழுதிவிடுகிறேன், எந்த இயங்குதளத்தில் ஓட்டிப் பார்த்தேன் என்பதோடு. ஓட்டிப் பார்க்காத வரிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி வைக்கிறேன். இப்போது அதில் ஒன்பது கேள்விக்குறிகள் பாக்கி.